1800களில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய்க் காடு திருத்திய விவசாயக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன?

நிலம் அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததே, போனவுடன் வசதியாகியிருப்பார்களே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நான் பல வருடமாக மனதில் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றியே சொல்கிறேன்.

ஜான் பர்லெண்ட், அவர் மனைவி ரெபெக்கா. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் குத்தகைக்கு நிலம் எடுத்து உழுதவர்கள். விளைச்சலுக்கு விலை இறங்கிக்கொண்டே போக, குத்தகை மட்டும் இறங்கவில்லை. முன்பே அமெரிக்கா போயிருந்த ஒருவர் அங்கே எல்லாம் செழிப்பு என்று கடிதம் எழுதியிருந்தார். அதை நம்பி 1831-ல் ஐந்து பிள்ளைகளோடு லிவர்பூலில் கப்பல் ஏறினார்கள். நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் கடல், பிறகு மிசிசிப்பி ஆற்றில் ஸ்டீமர், செயின்ட் லூயிஸில் இறங்கி இன்னொரு ஸ்டீமர். கடைசியில் நவம்பர் மாத இரவில், இல்லினாய் ஆற்றங்கரையில் பெட்டிகளோடு இறக்கிவிட்டுப் படகு போய்விட்டது. சுற்றிலும் ஒரு வீடு கண்ணில் படவில்லை. ஜான் வீடு தேடிப் போக, அந்த இருட்டில் குளிரில் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு ரெபெக்கா உட்கார்ந்திருந்தார். கடிதம் எழுதிய அந்த மனிதரைத் தேடிக் கண்டுபிடித்தால், அவரே கந்தல் உடையில் வறுமையில் இருந்தார்.

சரி, நிலத்துக்கு வருவோம். அப்போது அரசு விலை ஏக்கருக்கு 1.25 டாலர். இல்லினாய் மாநிலத்தின் பைக் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) 80 ஏக்கர் வாங்கினார்கள், அதற்கு 100 டாலர். அங்கே ஏற்கெனவே கொஞ்சம் நிலம் திருத்தி மரக்கட்டை வீடு கட்டியிருந்தவருக்கு அது போகத் தனியாக 60 டாலர். கையிருப்பு அதோடு கரைந்தது. (அந்த விலை அவ்வளவு குறைவாக இருந்ததற்குக் காரணம், அது பூர்வகுடிகளிடமிருந்து பறித்த மண். 1832-ல் அதே மாநிலத்தின் வடக்கே, மண்ணைத் தேடித் திரும்பி வந்த சாக் இன மக்களைத் துரத்திப் போர் நடந்தது. இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

முதல் குளிர்காலத்தில் விற்பதற்கு ஒன்றுமில்லை. காப்பாற்றியது மேப்பிள் மரம்தான். இரவில் உறைபனியும் பகலில் வெயிலுமாக இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரத்தில் துளை போட்டு, குழாய் செருகி, கீழே மரத்தொட்டி வைத்தால் சாறு சொட்டும். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைத்தால் அதிகம், அதை இன்னும் இறுகக் காய்ச்சினால்தான் சர்க்கரை. நம் ஊரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் நின்றவர்களுக்கு அந்தப் புகையும் வெக்கையும் தெரியும். அந்தச் சர்க்கரையைக் கடையில் கொடுத்துத்தான் வீட்டுக்கு வேண்டியதை மாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் அந்த முதல் கோதுமை. 1832 கோடையில் கதிர் முற்றி நிற்கும்போது ஜானுக்கு முழங்காலில் அரிவாள் வெட்டு. எழுந்து நடக்க முடியவில்லை. கூலிக்கு ஆள் வைக்கக் காசு இல்லை, காசு இருந்தாலும் அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. நான் நெல் அறுப்பு பார்த்து வளர்ந்தவன், முற்றிய கதிர் யாருக்காகவும் காத்திருக்காது, ஒரு வாரம் தள்ளினால் மணி மண்ணில்தான். ரெபெக்கா கூட வந்த பிள்ளைகளில் மூத்த பையனைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். படுத்திருக்கும் கணவரையும் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, அந்தக் கோதுமையை அறுத்துக் கட்டி வீடு சேர்த்தார். அந்த வருடம் அது போயிருந்தால் நிலமும் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வரலாற்றில் 'குடியேறிய விவசாயி' என்றால் கோடரியோடு நிற்கும் ஓர் ஆணைத்தான் காட்டுகிறார்கள், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வயலில் குனிந்திருக்கும் ரெபெக்காதான்.

இது போக ஆற்றோரப் பகுதிகளில் முறைக்காய்ச்சல் (மலேரியா), காடு திருத்திய நிலத்தில் உழவுக்குத் தடையாக நிற்கும் அடிக்கட்டைகள், மாதக்கணக்கில் பிந்தி வரும் கடிதங்கள் எல்லாம் உண்டு. நிலம் மெல்ல மெல்லப் பெருகியது, மாடும் குதிரையும் சேர்ந்தன, அதற்குப் பதினைந்து வருடம் ஆனது.

1846-ல் ரெபெக்கா சொந்தங்களைப் பார்க்க யார்க்ஷயர் போனார். 1831-ல் அவர்களோடு கப்பல் ஏறாமல் இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட மகன் எட்வர்ட், அம்மா சொல்லச் சொல்ல எழுதி 1848-ல் அச்சிட்டதால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. ரெபெக்கா அங்கே தங்கவில்லை. மறுபடி கப்பல் ஏறி இல்லினாய்க்கே திரும்பிவிட்டார்.