கூல்டிரிங்ஸ் பெட்டியும் கரன்ட் பில்லும்: வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரக் கடைக்காரர்கள் கண்ணாடிக் கதவு கூலரை (விசி கூலர்) பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் எனக்குப் பெட்டிக்கடை. 300 லிட்டர் விசி கூலர், வாங்கி ஐந்து வருடம். இந்த முறை இரண்டு மாத பில் எகிறிவிட்டது. கூலர்தான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் உங்கள் மீட்டரையே கேட்கலாம். மின்வாரிய மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். கடையில் மற்ற எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, கூலர் மட்டும் ஓடும்போது ஒரு நிமிடத்துக்கு எண்ணுங்கள். 16 துடிப்பு வந்தால் கூலர் 300 வாட் இழுக்கிறது. கம்ப்ரசர் நின்றபின் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் துடிப்பு வந்தால் அது உள் விளக்கும் ஃபேனும் தின்பது.

அடுத்து, ஒரு மணி நேரத்தில் கம்ப்ரசர் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பாருங்கள். 300 வாட்டில் 40 நிமிடம் ஓடினால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட், இரண்டு மாத பில்லில் 288 யூனிட். கதவு திறக்காத இரவிலும் அது ஓய்வே எடுக்கவில்லை என்றால் கோளாறு பெட்டியில்தான்.

கடற்கரைக் கடையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடியில் இருக்கும் கன்டென்சர். உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடும் இடம் அது. மணலும் தூசியும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து அதன் தகடுகளுக்கு நடுவே பாய் போலப் படிந்துவிடும். சூடு வெளியேற வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறுகிறது. கம்ப்ரசர் அதிக கரன்ட் இழுத்துக் குறைவாகக் குளிர்விக்கிறது, அதை ஈடுகட்ட இன்னும் அதிக நேரம் ஓடுகிறது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

சுத்தம் செய்ய: பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கீழ்ச் சட்டத்தின் திருகுகளைக் கழற்றி, பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ்ஷால் தகடு நிற்கும் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிக் காற்று அடைபடும். பிறகு ஃபேன் பக்கத்திலிருந்து ப்ளோயர் காட்டினால் தூசி வந்த வழியே வெளியேறும். உப்பு போக வேண்டுமானால் ஃபேன் மோட்டாரையும் கம்ப்ரசர் ஒயர் முனையையும் பிளாஸ்டிக் தாளால் மூடி, நல்ல தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் துடையுங்கள். அரை மணி நேரம் காயவிட்டே பிளக் போட வேண்டும். ஆசிட், சோடா உப்பு எதுவும் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். ஊருக்குள் இருக்கும் கடைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். உங்கள் கடைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. தகடு வெள்ளை மாவாகி, தொட்டால் உதிர்ந்தால் சுத்தம் செய்து பயனில்லை. மாற்றும்போது பூச்சு கொடுத்த கன்டென்சர் காயிலாகக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கதவு ரப்பர். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. நான்கு பக்கமும், முக்கியமாகக் கீல் பக்க மூலைகளிலும் பாருங்கள். ரப்பர் கிழியாமல் வளைந்து மட்டும் இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை ஒத்தி, நிமிர்த்தி, கதவை ஓர் இரவு இறுக மூடிவைத்தால் பல சமயம் பழைய வடிவுக்கு வந்துவிடும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளவில்லையா? முன் கால் இரண்டையும் சற்றே உயர்த்தி, பெட்டி இம்மியளவு பின்பக்கம் சாயும்படி வையுங்கள்.

உங்கள் கடை கிழக்கே கடலைப் பார்த்தது என்றால் காலை வெயில் நேரே கண்ணாடியில் விழும். பத்து மணி வரை ஒரு தட்டியை இறக்கிவிடுங்கள். பின்புறம் நான்கு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். பக்கத்தில் டீ பாய்லர் இருந்தால் இரண்டையும் பிரித்துவையுங்கள். அந்த அனல் காற்றைத்தான் கன்டென்சர் ஃபேன் உள்ளே இழுக்கிறது.

தெர்மோஸ்டாட்டைக் கடைசி எண்ணில் வைத்தால் பாட்டில் சீக்கிரம் குளிருமா? (நெல்லிக்குப்பம்)

குளிராது. குளிரும் வேகம் கம்ப்ரசரின் கையில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் எங்கே நிறுத்துவது என்று மட்டும்தான் சொல்கிறது. வெளியே 35 டிகிரி இருக்கும்போது உள்ளே 5 டிகிரி என்றால் வித்தியாசம் 30. அதை 2 டிகிரிக்கு இறக்கினால் 33. சுவர், கண்ணாடி வழியே புகும் சூடு பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. குடிப்பவருக்கு அந்த மூன்று டிகிரி தெரியாது. உங்கள் பில்லுக்குத் தெரியும். உள்ளே கூலிங் காயிலில் பனி கட்டிக் காற்று ஓட்டமும் நின்றுபோகலாம். அப்படிப் பனி பிடித்தால் ஓர் இரவு அணைத்துத் தானாகக் கரையவிடுங்கள், கத்தியால் குத்தாதீர்கள்.

சீக்கிரம் குளிர வேண்டுமானால் கிரேட்டை வெயிலில் அடுக்காமல் நிழலில் வையுங்கள். 40 டிகிரியில் வரும் பாட்டிலுக்கு 30 டிகிரி பாட்டிலைவிட நூற்றுக்கு நாற்பது கூடுதல் வேலை. பாட்டிலுக்கும் பின்சுவருக்கும் நடுவே மூன்று விரல் இடம் விடுங்கள்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் கடை. இரவு 10 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத் திறக்கிறேன். கூலரை அணைத்துவிட்டுப் போகலாமா? அணைத்தால் காலையில் அதைவிட அதிகம் இழுக்கும் என்கிறார்களே?

அதிகம் இழுக்கும் என்பது தவறு. உள்ளே சூடு ஏற ஏற வெளிக்கும் உள்ளுக்குமான வித்தியாசம் குறைகிறது, ஆகவே புகும் சூடும் குறைகிறது. மிச்சம் உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

100 லிட்டர் பானம் உள்ளே இருந்தால் கதவு திறக்காத எட்டு மணி நேரத்தில் சுமார் ஏழெட்டு டிகிரிதான் ஏறும். அதனால் உள்ளே புகாமல் மிச்சமாகும் சூடு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஆனால் அந்த ஏழெட்டு டிகிரியை மறுபடி இறக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆறு மணிக்கு வரும் வாடிக்கையாளருக்குக் குளிர்ந்த பாட்டில் வேண்டும் என்றால் இரண்டு, இரண்டரை மணிக்கே பெட்டி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். பால், தயிர், மோர் பாக்கெட் உள்ளே இருந்தால் அணைக்கவே கூடாது.

நீங்கள் கைவைக்க வேண்டிய இடம் வேறு. பழைய பெட்டியில் 36 வாட் டியூப்லைட் 24 மணி நேரமும் எரிந்தால் 0.86 யூனிட். அது எரிவது குளிர்ப் பெட்டிக்கு உள்ளே என்பதால் அந்தச் சூட்டை வெளியே தள்ள கம்ப்ரசர் இன்னும் அரை யூனிட்டுக்கு மேல் செலவிடுகிறது. 10 வாட் எல்இடி பட்டைக்கு மாற்றினால் நாளொன்றுக்கு ஒரு யூனிட் மிச்சம். உள்ளே சுழலும் ஃபேனுக்கும் இதே கணக்கு. பழைய வகை மோட்டார் 35 வாட் இழுக்கிற இடத்தில் இசி மோட்டார் (மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடுவது) 10 வாட்டில் அதே காற்றைத் தரும். அதிலும் ஒரு யூனிட். உங்கள் ஊரில் மாதா மாதம் பில் வருவதால் இரண்டும் சேர்ந்து மாதம் 60 யூனிட் குறைவதை அடுத்த பில்லிலேயே பார்த்துவிடலாம். மோட்டார் வாங்கும்போது இறக்கையின் விட்டமும் சுற்றும் திசையும் பழையதோடு பொருந்த வேண்டும். திசை மாறினால் காற்று காயில் வழியே போகாது.

ஐப்பசி, கார்த்திகையில் கண்ணாடி வியர்த்து உள்ளே இருப்பது தெரிவதில்லை. (முத்தியால்பேட்டை)

ஈரம் எந்தப் பக்கம் என்று விரலால் துடைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் என்றால் காற்றில் ஈரப்பதம் அதிகம். கதவில் ஹீட்டர் சுவிட்ச் இருந்தால் அந்த மாதங்களுக்கு மட்டும் போடுங்கள். கோடையில் அது வீண் செலவு. உள்பக்கம் என்றால் ரப்பர் வழியே காற்று புகுகிறது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே என்றால் விளிம்பு அடைப்பு விட்டுவிட்டது, துடைத்துப் போகாது. அந்தக் கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டும்.

கூலரில் குளிரூட்டும் கேஸ் குறைந்துவிட்டது. ஆர்-134ஏ கேஸில் ஓடும் பெட்டிக்கு ஹைட்ரோகார்பன் கேஸ் போட்டால் கரன்ட் குறையும் என்கிறார் மெக்கானிக். போடலாமா? (பண்ருட்டி)

வேண்டாம். ஹைட்ரோகார்பன் கேஸ்களில் ஒன்றான ஆர்-290 என்பது புரோப்பேன், தீப்பற்றும். அதற்கென்று செய்த பெட்டியில் சுவிட்ச், ரிலே, தெர்மோஸ்டாட் எல்லாம் பொறி வெளியே வராதபடி அமைந்திருக்கும். உங்கள் பெட்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. புதிதாக வாங்கும்போது ஆர்-290 பெட்டியே வாங்குங்கள், அது நல்ல தேர்வு.

கேஸ் தானாகத் தீராது, கசிவு இருக்கிறது. முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள். டிரையரை (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் சிறு குழாய்) மாற்றி, வாக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, பெயர்ப் பலகையில் உள்ள கிராம் கணக்குப்படி தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து ஏற்றினால் கூடுதலாகவோ குறைவாகவோ போகும். இரண்டிலும் கரன்ட் செலவு கூடும்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளத்தில் கூலர் முழங்கால் தண்ணீரில் நின்றது. மோட்டாரை மாற்றினோம். ஓடுகிறது, ஆனால் நிற்பதே இல்லை. (பாகூர்)

சூடு புகாமல் தடுக்கச் சுவருக்குள் இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். காய்ந்த ஃபோமைவிட தண்ணீர் சுமார் இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கூலர் ஓடும்போது வெளிச்சுவரின் கீழ்ப்பகுதியைத் தடவிப் பாருங்கள். மேலே சாதாரணமாகவும் கீழே சில்லென்று வியர்த்தும் இருந்தால் அதுதான் காரணம். சுவரின் உள், வெளித் தகடுகளுக்கு நடுவே அடைபட்ட அந்த ஈரம் வெயிலில் வைத்தாலும் வெளியேறாது. இனி அந்தப் பெட்டிக்குப் பணம் போடாதீர்கள்.

மாற்றும் வரை 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக மட்டுமே ஓட்டுங்கள். புதியதை வாங்கும்போது இரண்டு கம்பெனிப் பெட்டிகளின் 24 மணி நேர யூனிட் கணக்கைக் கேளுங்கள். இரண்டும் ஒரே வெளி வெப்பநிலையில் அளந்தவையா என்றும் கேளுங்கள். வெள்ளம் வரும் தெரு என்பதால் ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் மேடை கட்டி அதன்மேல் நிறுத்துங்கள். முன்பக்கக் காற்று வழியை மேடையின் விளிம்பு மறைக்காமல் இருக்கட்டும்.