இடிப்பதற்கு முன் பின்சுவரைப் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

மலைநகரங்களின் பழைய கடைவீதிகளைப் புதுப்பிப்பது குறித்து நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, உதகையில் பணிபுரியும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: உதகை மெயின் பஜாரை ஒட்டி எங்கள் தாத்தா காலத்துக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே இரண்டு கடைகள், மேலே குடியிருப்பு, தகரக் கூரை. பின்சுவர் மேட்டோடு ஒட்டி நிற்பதால் ஆண்டு முழுவதும் ஓதம். ‘இது தேறாது, இடித்துவிட்டு நான்கு மாடி லாட்ஜ் கட்டலாம்’ என்று என் மகன்கள் சொல்கிறார்கள். வந்து பார்த்த ஒப்பந்ததாரரும் அதையே சொன்னார். என்ன செய்யலாம்? (வாசகர், உதகை)

பதில்: நான்கு மாடிப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். மலைநகரங்களுக்கென 1993இல் தனிக் கட்டட விதிகள் கொண்டுவரப்பட்டன. 7 மீட்டர் என்பதே நீலகிரியில் நெடுங்காலமாக உள்ள உயர வரம்பு. அதாவது தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமும். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியை நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடம் நகராட்சியோடு நின்றுவிடாது. இடத்தைப் பொறுத்துப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகளும், வட்டாரத்தில் ‘டிரிபிள் ஏ கமிட்டி’ என்று அழைக்கப்படும் கட்டடக்கலை மற்றும் அழகியல் குழுவின் ஒப்புதலும் தேவைப்படலாம். இவை எதையும் சொல்லாமல் நான்கு மாடிக்கு விலை பேசுகிற ஒப்பந்ததாரரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் பின்சுவருக்கு வருகிறேன். ‘தேறாது’ என்ற முடிவு பெரும்பாலும் சுவரைத் தொட்டுப் பார்க்காமலே எடுக்கப்படுகிறது. உங்கள் தாத்தா காலத்துச் சுவர் அநேகமாகச் சுண்ணாம்புக் காரையில் எழுப்பப்பட்டிருக்கும். அத்தகைய சுவர் நீரை உறிஞ்சும். வெயில் அடிக்கும்போது அதே நீரைக் காற்றில் விட்டுவிடும். பிற்காலத்தில் யாரோ அதன்மேல் சிமெண்ட் பூசி, அதற்கும் மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தால், உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். ஒப்பந்ததாரர் பார்த்த ஓதம் இதுவாக இருக்கலாம்.

சோதித்துப் பார்ப்பது கடினமல்ல. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், மூன்று இடங்களில், கையகலத்துக்குப் பூச்சை உளியால் பெயர்த்து எடுக்கச் சொல்லுங்கள். செங்கல் இணைப்பில் ஒரு பழைய ஆணியை அழுத்துங்கள். ஆணி மாவுக்குள் போவதுபோல் விரல் நீளத்துக்கு இறங்கினால் காரை செத்துவிட்டது என்று பொருள். நுனி மட்டும் பதிந்து நின்றால் அந்தச் சுவருக்கு இன்னும் ஆயுள் உண்டு. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அஞ்ச வேண்டாம். நீர் வந்துபோகும் பாதையை அது காட்டுகிறது. விரிசல் இருந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்திலேயே தேதியை எழுதி, ஒரு மழைக்காலம் முழுவதும் கவனியுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்ந்துகொண்டிருக்கிறது. உடையாவிட்டால் அந்த விரிசல் பழைய கணக்கு, பூசி மூடிவிடலாம்.

சுவர் நகர்வது உறுதியானால்கூட முதல் வேலை சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. மூன்று மீட்டர் உயரச் சுவரின் பின்னால் நீர் நிரம்பி நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ நான்கரை டன் விசையுடன் அது சுவரைத் தள்ளும். மண்ணின் அழுத்தம் தனி. நீரை வெளியேற்றிவிட்டால் அந்தச் சுமை அப்படியே இறங்கிவிடும். மேட்டின் தலைப்பில் மழைநீரை மடக்கும் ஒரு வடிகால், சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு உடைத்த ஜல்லி, அதன் அடியில் துளையிட்ட குழாய், சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வீப் ஹோல் (நீர் வடியும் துளை) ஆகியவை மட்டுமே எத்தனையோ ‘தேறாத’ கட்டடங்களைத் தேற்றியிருக்கின்றன. லாட்ஜ் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பத் தொகை. அதனாலேயே ஒப்பந்ததாரர்களுக்கு இதில் ஆர்வம் குறைவு.

இவ்வளவுக்கும் பிறகு இடித்தே ஆக வேண்டும் என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக் கொடுத்தால் இடியுங்கள். ஆனால் பின்சுவரை ஒரே நாளில் எடுத்துவிட்டு மேட்டை நெடுகச் செங்குத்தாக வெட்டும் வழக்கத்துக்கு ஒருபோதும் இடம் தராதீர்கள். 2024 பிப்ரவரியில் லவ்டேல் அருகே தடுப்புச்சுவர் கட்டும் பணியிடத்தில் ஏற்பட்ட சரிவில் ஆறு பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது மழைக்காலமும் அல்ல. மேட்டைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, வெட்டிய பகுதியில் தடுப்புச்சுவரை எழுப்பி அது இறுகிய பின்னரே இடையில் விட்ட பகுதியைத் தொட வேண்டும். நாள் கூடும், கூலியும் கூடும். பொக்லைன் கொண்டு ஒரே மூச்சில் முடித்துத் தருகிறேன் என்று மேஸ்திரி சொன்னால், அந்த இயந்திரத்தைக் கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: தகரக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடலாமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: பழைய காரைச் சுவர்மீது வேண்டாம். அந்தச் சுவர் தகரத்தின் எடைக்கும் சரிந்த கூரைக்கும் கணக்கிட்டுக் கட்டப்பட்டது. தகரத்தை மாற்றுங்கள், கீழே மரப்பலகை அடித்து இடையில் காற்றோட்டம் விடுங்கள். மழைச் சத்தமும் குளிரும் குறையும்.

கேள்வி: குன்னூரில் முப்பது ஆண்டுகளாக வாடகைக்கு மளிகைக் கடை நடத்துகிறேன். கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாகவும், முடிந்ததும் எனக்கே கடை தருவதாகவும் உரிமையாளர் வாய்மொழியாகச் சொல்கிறார். மே மாதம் முடிந்ததும் காலி செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். நம்பலாமா? (வணிகர், குன்னூர்)

பதில்: உரிமையாளரை நம்பலாமா என்பதை முப்பது ஆண்டுப் பழக்கம் உங்களுக்குச் சொல்லும். அவருக்குப் பின் வரும் வாரிசுகளையும், வேலை பாதியில் நிற்கும்போது பணம் போட வருகிறவரையும் கருதியே எழுத்து வேண்டும் என்கிறேன். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர் – வாடகைதாரர் சட்டத்தின்படி, இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யும் வாடகைதாரர் மீண்டும் உள்ளே வருவது இருவரும் செய்துகொள்ளும் உடன்பாட்டைப் பொறுத்தது. கடையின் பரப்பளவு, எந்தத் தளம், சாலையைப் பார்த்த முகப்பா உட்புறமா, புதிய வாடகை, எத்தனை மாதத்துக்குள் என்பனவற்றை எழுதி, வாடகை அதிகாரியிடம் அளித்து வையுங்கள். ‘ஒரு கடை தருவேன்’ என்பதற்கும் ‘இதே முகப்பில், இதே அளவில் தருவேன்’ என்பதற்கும் உள்ள இடைவெளியில் பல வணிகர்கள் மாடிப்படிக்குக் கீழே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

நகராட்சிக்குச் சொந்தமான கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு ஏல நிபந்தனைகளும் மன்றத் தீர்மானமுமே ஆதாரம். ஆகவே சந்தையைப் புதுப்பிக்கும் தீர்மானத்தின் நகலைக் கேட்டுப் பெற்று, தற்காலிகக் கடை எங்கே, புதிய சந்தையில் பழைய கடைக்காரர்களுக்கு முன்னுரிமை உண்டா என்ற இரண்டு வரிகள் அதில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் ஒப்புக்கொண்ட தேதிதான் எனக்குக் கவலை அளிக்கிறது. சீசன் வருமானத்தை விட முடியாமல் எல்லா வணிகர்களும் மே வரை கடையைத் திறந்து வைத்திருப்பது இயல்பு. ஆனால் அதன்பின் இடிப்பு வேலை ஜூனில் தொடங்கும். கடைகால் தோண்டி முடிப்பதற்குள் அக்டோபர் வந்துவிடும். உதகைக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவமழை என்றால், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலச்சரிவுகள் அந்த மழையில்தான் நேர்ந்தன. திறந்த குழியோடு அந்த மாதத்தைச் சந்திப்பது உங்கள் கடைக்கு மட்டுமன்றி மேலே உள்ள வீடுகளுக்கும் ஆபத்து. டிசம்பர் இறுதியில் காலி செய்து, ஜனவரி முதல் ஏப்ரல் வரை மண்வேலையையும் தடுப்புச்சுவரையும் முடித்து, மழைக்காலத்தில் மேல்தளமும் உள்வேலையும் பார்ப்பதே சரியான வரிசை. ஒரு கோடைச் சீசனை இழக்க நேரும் என்பது உண்மை. அந்த ஒரு சீசனுக்கு வாடகை முன்பணத்தில் கழிவு கேளுங்கள். விவரம் தெரிந்த உரிமையாளர் ஒப்புக்கொள்வார்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருக்கிறாள். பாழடைந்து கிடந்த ரயில் நிலையம் ஒன்றைப் பல ஆண்டுகள் செலவிட்டு மீட்டுவிட்டார்கள், நகரமே உயிர் பெறுகிறது என்கிறாள். நம் மலைநகரங்களில் ஏன் இப்படி நடப்பதில்லை? (வாசகி, வெலிங்டன்)

பதில்: உங்கள் மகள் சொல்வது மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையமாக இருக்க வேண்டும். 1913இல் திறக்கப்பட்டு 1988இல் மூடப்பட்ட அந்தக் கட்டடத்தை ஃபோர்டு நிறுவனம் 2018இல் வாங்கி, 2024 ஜூனில் மீண்டும் திறந்தது. 1950இல் பதினெட்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த டெட்ராய்ட், 2020 கணக்கெடுப்பில் சுமார் 6.4 லட்சமாகச் சுருங்கி, இடையே 2013இல் திவால் மனுவும் கொடுத்த நகரம். அங்கே சிக்கல், ஆளில்லாத கட்டடங்கள். இங்கே சிக்கல் நேரெதிரானது. ஒரு சென்ட் இடத்துக்குப் பத்துப் பேர் போட்டியிடுகிறார்கள். ஆகவே அந்த நகரத்தின் திட்டத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

ஆனால் வேலை செய்த வரிசையைக் கடன் வாங்கலாம். கட்டடம் கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் செய்தது அலங்காரம் அல்ல. அடித்தளத்தில் தேங்கிய நீரை இறைத்து, கூரையிலிருந்து நீர் இறங்குவதை நிறுத்தி, பல பருவங்களாக நனைந்து கிடந்த சுவர்களை மாதக்கணக்கில் காயவைத்தார்கள். அதன் பிறகே கல்வேலை. சிதைந்த கற்களுக்கு ஈடாக அதே வகைச் சுண்ணாம்புக்கல் வேண்டும் என்று இந்தியானா மாநிலத்தில் நெடுநாள் கைவிடப்பட்டிருந்த குவாரிவரை போனார்கள். நம் ஊரிலோ காயவைக்கும் பொறுமையின்றி, ஈரச் சுவர்மீது டைல்ஸ் ஒட்டித் திறப்பு விழா நடத்திவிடுகிறோம்.

இன்னொரு வேறுபாடு பணம். வரலாற்றுச் சிறப்புள்ள வணிகக் கட்டடத்தை விதிப்படி மீட்பவருக்குச் செலவில் 20 விழுக்காட்டை அமெரிக்க மத்திய அரசு வரியில் கழித்துக் கொடுக்கிறது. நம் தனியார் உரிமையாளருக்கு அதற்கு இணையான சலுகை இல்லை. பாரம்பரியக் கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று அவரிடம் அறிவுரை சொல்வோர் பலர். கூரை ஓட்டுக்கு ஆகும் செலவில் பங்கு தருவோர் இல்லை. இந்த விஷயத்தில் என் அனுதாபம் முழுவதும் உரிமையாளர் பக்கமே.

கேள்வி: சுற்றுலாப் பயணிகள் பெருகிவிட்ட நிலையில், கொடைக்கானலில் மாடிகளுக்கு இன்னும் கட்டுப்பாடு வைத்திருப்பது வளர்ச்சிக்குத் தடை அல்லவா? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: உங்கள் ஊரே இதற்கு விடை சொல்லியிருக்கிறது. 1990களில் அங்கே ஒரு ஹோட்டலுக்கு விதிகளைத் தளர்த்தி அரசு அனுமதித்த கூடுதல் தளங்களை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தளங்களைக் காப்பாற்றவில்லை. பிளசண்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

மாடி கூடினால் அறை கூடும். அறைக்குத் தக்கபடி தண்ணீரும் கழிவுநீரும் வண்டி நிறுத்துமிடமும் கூட வேண்டும். இவற்றில் எதுவும் மாடியோடு சேர்ந்து வளர்வதில்லை. உதகையில் கடைவீதிப் பகுதிகளின் கழிவுநீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்ச் சேர்வதை அந்தப் பாலத்தின் மேல் ஒரு நிமிடம் நின்றாலே மூக்கு சொல்லிவிடும். 2024 மே மாதம் முதல் இரு மலைகளுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டதும் உயர் நீதிமன்ற ஆணையால்தான். வருகிறவர்களையே எண்ணி அனுப்பும் நிலை வந்த பிறகு, அவர்களுக்காக மாடி கேட்பதில் பொருத்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருக்கும் அறைகளின் கழிவுநீர் இணைப்பை முதலில் சீர்செய்யக் கேளுங்கள்.

கேள்வி: பக்கத்துக் கட்டடத்தை இடித்தவர்கள் கல்லையும் மண்ணையும் இரவில் ஓடையில் கொட்டிவிட்டார்கள். யாரிடம் சொல்வது? (வாசகர், குன்னூர்)

பதில்: நகராட்சி ஆணையருக்கும் கோட்டாட்சியருக்கும் ஒரே மனுவைப் படங்களுடன், தேதி தெரியும்படி அனுப்பி, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கட்டட இடிபாட்டுக் கழிவுகளுக்கென மத்திய அரசு 2016இலேயே தனி விதிகளை வெளியிட்டது; கொட்டியவர்களே அகற்ற வேண்டும் என்பதை மனுவில் குறிப்பிடுங்கள். பெருமழைக்கு முன் அகற்றச் செய்வது முக்கியம். அடைபட்ட ஓடை முதலில் ஏறுவது கீழ்க்கரைக் கடைகளுக்குள்.

உண்மையில் அவர்கள் கொட்டியதில் பாதி காசு. பழைய கருங்கல் தடுப்புச்சுவருக்கு உதவும். சுண்ணாம்புக் காரைச் செங்கல், சிமெண்ட் ஒட்டாததால், தட்டினால் முழுசாகக் கழன்றுவரும். தேக்குச் சட்டங்களுக்கு மேட்டுப்பாளையத்தில் வாங்க ஆள் உண்டு. உதகை செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் மரவேலைக்கே, ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரித்தெடுத்த மரங்களை மலையேற்றிக் கொண்டுவந்தார்கள். நீங்கள் இடிக்கும் நாள் வந்தால், இடிப்பு ஒப்பந்தத்திலேயே கல், செங்கல், மரம் மூன்றையும் தனித்தனியே பிரித்து அடுக்க வேண்டும் என்று எழுதி, மண்ணை எங்கே கொண்டுபோவது என்பதையும் சேர்த்துக் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.