பிலிம் கேமரா: நம்ம ஊர் வெயிலும் கிணற்றுத் தண்ணீரும்

குளச்சல்: அண்ணாச்சி, கடற்கரையில் எடுத்தால் ஆட்கள் முகம் கறுத்துப்போகிறது. கேமராவில் வெளிச்சம் அளக்கிற மீட்டர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் மீட்டர் கணக்குப் போடும், மணலும் வானமும் வெளுத்துக் கிடந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகத்தருகே போய் அளந்து, அதே அளவில் பின்னால் வந்து எடுங்கள். மீட்டரே இல்லையென்றால் நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200 பிலிமுக்கு லென்ஸ் துளை எஃப்/16, ஷட்டர் 1/250 நொடி, மணல்வெளியில் எஃப்/22. ஆள் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் இரண்டு ஸ்டாப் திறக்கணும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). கலர் நெகட்டிவ் ஒரு ஸ்டாப் கூடுதலைச் சும்மா வாங்கிக்கொள்ளும்; குறைந்தால் நிழலில் ஒன்றுமே பதியாது, பதியாததை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது. நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமாகவே வரும் ஸ்லைடு பிலிம் இதற்கு நேர் எதிர், அதில் கூடினால்தான் ஆபத்து. அப்புறம், எடுத்த ரோலை வெயிலில் சூடாகிற பைக் பெட்டியில் வைக்காதீர்கள்.

தக்கலை: பத்மநாபபுரம் அரண்மனை உள்ளே 200 போதுமா?

போதாது. 400, எஃப்/2 லென்ஸ், ஜன்னல் பக்கம்.

மார்த்தாண்டம்: வீட்டில் எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமை டி-76 டெவலப்பரில் கழுவுகிறேன். கிணற்றுத் தண்ணீர் 29 டிகிரி. நேரத்தைக் குறைத்தால் போதாதா?

போதாது தம்பி. தண்ணீர் கலக்காத டி-76-ல் 20 டிகிரிக்கே 7½ நிமிடம்தான். 29-ல் அது 4 நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும், ஊற்றி வடிக்கிற நேரமே அதில் கணிசமான பங்கு, வானம் திட்டுத்திட்டாக வரும். சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். 20 டிகிரியில் 11 நிமிடம், 24-ல் சுமார் 8. டேங்கை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்தினால் 24-க்குக் கொண்டுவரலாம்.

கன்னியாகுமரி: சூரிய உதயத்தில் வள்ளுவர் சிலை கறுப்பாகவே வருகிறது.

குளச்சலுக்குச் சொன்னதுதான், அதைப் படியுங்கள். கறுத்த உருவமாகவே வேண்டுமென்றால் சூரியனை விட்டு ஓரத்து வானத்தை அளங்கள்.

நாகர்கோவில்: மார்த்தாண்டம் தம்பி சொல்வது சரி. நான் 30 டிகிரியில்தான் கழுவுகிறேன், கிரெய்ன், அதாவது படத்தில் தெரிகிற பொடிப் புள்ளி, கூடவே இல்லை.

கிரெய்னைப் பற்றி யார் பேசினது? சீராக வருகிறதா என்பதுதான் கேள்வி. தெருவும் மரமும் நிறைந்த படத்தில் திட்டு தெரியாது. முட்டத்தில் நின்று வெறும் வானத்தை நாலு பிரேம் எடுத்துக் கழுவிவிட்டு வாருங்கள், பேசலாம்.

இரணியல்: எந்தக் கேமரா வாங்கலாம்?

இதைக் கேட்கிற மூன்றாவது ஆள் நீங்கள். எதுவானாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடணும், பின்மூடி ஸ்பாஞ்ச் பிசுபிசுக்கக் கூடாது, லென்ஸில் பூஞ்சை இருக்கக் கூடாது. பிராண்டு கேட்காதீர்கள்.

மணக்குடி: பிரிட்ஜில் வைத்த பிலிமை எடுத்தவுடன் போடலாமா?

கூடாது. டப்பாவைத் திறக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள், இல்லையென்றால் நம்ம ஈரக்காற்று அதன்மேல் தண்ணீராகப் படியும். பைக் பெட்டியில் மட்டும் வேண்டாம்.

மார்த்தாண்டம்: சரி அண்ணாச்சி, ஐஸ் வாளி வைக்கிறேன். டெவலப்பருக்கு மட்டும் போதுமா?

படத்தை நிலைக்க வைக்கிற ஃபிக்சரும் கடைசியில் அலசுகிற தண்ணீரும்கூட அதே சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கணும். 24-லிருந்து நேராக 29-க்குப் போட்டு பிலிம் மேலுள்ள ஜெலட்டின் பூச்சைச் சோதிக்காதீர்கள்.