பழைய கட்டளையும் பக்கத்து வீட்டுச் சாமியும்: கேள்வி பதில்

யூத சமயச் சட்டத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், கேட்கிற விதம்தான் வேறு. முதலிலேயே ஒரு வேண்டுகோள்: ஒற்றை வசனத்தைக் கத்தரித்து எடுத்து வந்து "இதற்கு என்ன சொல்கிறீர்கள்" என்று நீட்டாதீர்கள். யூதர்கள் தோராவை (மோசேயின் ஐந்து நூல்கள், உபாகமம் அதில் ஐந்தாவது) மட்டும் படிப்பவர்கள் இல்லை. அதன் மேல் மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு, அதன் மேல் அதை விவாதிக்கும் தல்மூது, அதற்கும் மேல் ஆயிரம் வருட உரைகள் இருக்கின்றன. சட்டம் அந்த மேலடுக்கில்தான் உயிரோடு இருக்கிறது.

கேள்வி: அக்கா, உபாகமம் 13இல் ஓர் ஊரே வேறு தெய்வத்தைக் கும்பிட ஆரம்பித்தால் எல்லோரையும் வெட்டி, ஊரைக் கொளுத்து என்று இருக்கிறதே. இந்தக் காலத்துக்கு ஏற்ப இதை மாற்ற வேண்டாமா?

மாற்றியாயிற்று. எழுத்தில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, ஆனால் ரப்பிகள், அதாவது யூத சமய அறிஞர்கள், கட்டளைக்குக் கைகால் இல்லாமல் செய்துவிட்டார்கள். அது சொல்வது இஸ்ரவேலரின் ஊரைத்தான், அயலாரின் ஊரை இல்லை. அதிலும் எல்லைப்புற ஊராக இருக்கக்கூடாது, 71 பேர் கொண்ட பெருமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனைக்கு மேல் நிபந்தனை. உச்சக்கட்டம் ரப்பி எலியேசர் சொன்னது. ஒவ்வொரு யூத வீட்டு நிலைக்காலிலும் மெசூசா என்று ஒரு சின்னத் தோல்சுருள் இருக்கும், அதில் கடவுளின் பெயர் எழுதியிருக்கும். ஊரில் இருக்கிற அத்தனை பொருளையும் எரி என்பது கட்டளை, கடவுள் பெயரை எரிக்கக்கூடாது என்பதும் கட்டளை. ஆகவே ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒரு மெசூசா இருந்தால்கூட அந்த ஊரைத் தொட முடியாது. முடிந்தது கதை!

தல்மூது அதோடு நிற்கவில்லை. இப்படியோர் ஊர் இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை, பிறகு எதற்கு எழுதியிருக்கிறது என்றால், ஆராய்ந்து பலன் பெறுவதற்கு என்கிறது. அதே பக்கத்தில் ரப்பி யோனத்தான் "நான் பார்த்திருக்கிறேன், அந்த இடிபாட்டு மேட்டில் உட்கார்ந்தும் இருக்கிறேன்" என்று மறுக்கிறார். எனக்கு அந்தப் பக்கத்தில் மிகவும் பிடித்தது இதுதான், எதிர்க்குரலையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பலிபீடங்களை இடி, சிலைகளை உடை என்று உபாகமம் 7ஆம் அதிகாரத்தில் இருப்பதைப் பற்றி?

அது கானானில் இருந்த ஏழு இனங்களைக் குறித்தது. அவர்கள் அடையாளம் தெரியாமல் எப்போதோ அழிந்துவிட்டார்கள் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே யூதச் சட்ட மேதை மைமோனிடிஸ் எழுதிவிட்டார். அதற்கும் வெகுகாலம் முன்பு, யூதனாக மாறிய அம்மோனியன் ஒருவன் சபைக்குள் சேர்வதைத் தோரா தடுத்தபோது, ரப்பி யோசுவா "அசீரிய மன்னன் சனகெரிப் வந்து எல்லா இனங்களையும் கலந்துவிட்டான், இன்றைக்கு யார் அம்மோனியன்?" என்று கேட்டு உள்ளே விடச் சொன்னார், விட்டார்கள்.

நடைமுறை வாழ்க்கைக்கு ஓர் உதாரணம். அக்கோ நகரில் ரப்பான் கமாலியேல் என்ற யூதத் தலைவர், கிரேக்கப் பெண்தெய்வம் அப்ரோதித்தேயின் சிலை நிற்கும் குளியல்கூடத்தில் குளித்துக்கொண்டிருந்தார். உங்கள் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று ஒரு கிரேக்கர் கேட்டார். குளியலறையில் பதில் சொல்லக்கூடாது என்று வெளியே வந்தபிறகு சொன்னார்: நான் அவள் எல்லைக்குள் போகவில்லை, அவள்தான் என் எல்லைக்குள் வந்தாள், குளியல்கூடத்துக்கு அலங்காரமாக அவளை வைத்திருக்கிறார்களே தவிர, அவளுக்காகக் குளியல்கூடம் கட்டவில்லை. சாக்கடை ஓரத்தில் நிற்கும் அந்தச் சிலைக்கு முன்னால் எல்லோரும் சிறுநீர் கழிக்கிறார்களே என்றும் சேர்த்துக்கொண்டார். இது மிஷ்னாவிலேயே இருக்கிறது.

கேள்வி: குர்ஆனிலும் மனுவிலும் இருக்கும் இப்படிப்பட்ட விஷயங்கள்?

அதை ஓதிப் படித்தவர்களிடம் கேளுங்கள். என் துறை இல்லை.

கேள்வி: மேடம், கத்தோலிக்கர்கள் எப்படி மாறினார்கள்?

சங்கம் கூட்டி, வாக்கெடுத்து மாறினார்கள். 1965 அக்டோபர் 28, இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கை. யூதர்களிடம் அப்படி ஒரு தலைமைப்பீடம் கிடையாது, அதனால்தான் எல்லாமே வழக்கு வழக்காக நகர்கிறது.

கேள்வி: யூதச் சட்டப்படி இந்துக்கள் விக்கிரக ஆராதனைக்காரர்கள்தானே? சகிப்புத்தன்மை எங்கே?

இன்றைய தெற்கு பிரான்சின் பெர்பிஞானில் வாழ்ந்த ரப்பி மெனாகெம் மெய்ரி 1300 வாக்கில் ஒரு கோடு கிழித்தார். ஒழுங்கும் நெறியும் உள்ள எந்தச் சமயத்தாருக்கும் பழைய தடைகள் பொருந்தாது என்றார், சாமி யார் என்பதைவிட மனிதர் எப்படி நடக்கிறார் என்பதைப் பார்த்தார். அவர் மனதில் இருந்தது கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும்தான், ஆனால் அளவுகோல் நமக்கும் பொருந்தும். துரதிர்ஷ்டம், அவர் எழுதியதில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறியது.

2008இல் ஜெருசலேமில் நடந்த இந்து-யூதத் தலைவர்கள் மாநாட்டில், இந்துக்கள் வணங்குவது ஒரே பரம்பொருளைத்தான் என்று கூட்டறிக்கை வந்தது. இந்துத் தரப்பில் முன்நின்றவர் நம் மஞ்சக்குடியில் பிறந்த சுவாமி தயானந்த சரஸ்வதி.

ஆனால் அறிக்கை வேறு, சட்டம் வேறு. அந்த மாநாட்டுக்கு நான்கு வருடம் முன்பு, 2004 மே மாதம், ஜெருசலேமின் ரப்பி எல்யாஷிவ் இந்தியக் கூந்தலில் செய்த விக்குகளுக்குத் தடை போட்டார். கல்யாணமான ஆசாரப் பெண்கள் முடியை மறைக்க விக் போடுவார்கள், நல்ல விக் ஆயிரம் டாலருக்கு மேல். அந்த முடி திருப்பதி மொட்டையில் வந்தது, வேறு தெய்வத்துக்குப் படைத்தது, அதில் எந்தப் பயனும் அடையக்கூடாது என்பது தீர்ப்பு. புரூக்ளின் தெருவில் பெண்கள் விக்குகளைக் குவித்துக் கொளுத்தினார்கள்.

கேள்வி: எங்கள் காணிக்கையைத் தீட்டு என்று சொல்ல அவர்கள் யார்? (இதே கேள்வி, கோபம் மட்டும் கூடிக்கொண்டே போய், அடுத்தடுத்துப் பலர்)

தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. இன்னொரு சாமிக்குப் போன பொருளை நாம் அனுபவிக்கக்கூடாது என்கிறார்கள். சைவ வீடுகளில் சிவநிர்மால்யத்தைத் தொட யோசிப்பவர்கள் இல்லையா?

கேள்வி: அக்கா, நான் ஏழு தடவை மொட்டை போட்டவன். முடியைச் சாமி முன்னால் யாரும் படைப்பதில்லை. கல்யாணகட்டாவில் இறக்குகிறோம், குளிக்கிறோம், அப்புறம்தான் தரிசனம்.

இதைத்தான் ரப்பிகளும் மாய்ந்து மாய்ந்து வாதாடினார்கள். தடை வருவதற்கு முன்பு லண்டன் ரப்பி ஒருவர் திருமலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மழிப்பதே வழிபாடா, அல்லது தரிசனத்துக்கு முன்னால் அகந்தையைக் கழிப்பதா? நாவிதர் கத்தி வைக்கும்போது பக்தர் மனதில் என்ன இருக்கிறது? நீங்கள் சொன்ன கல்யாணகட்டாதான் அனுமதித்தவர்களின் பலமான ஆதாரம்: சன்னதி வேறு, மழிக்கும் இடம் வேறு, முடி ஏலத்துக்குப் போகிறது.

கேள்வி: தப்பு. நீளாதேவி தன் கூந்தலைப் பெருமாளுக்குக் கொடுத்த கதை தெரியாதா? வேண்டுதல் இல்லாமல் யார் மொட்டை போடுகிறார்கள்? அது காணிக்கையேதான்.

பாருங்கள், நீங்கள் எல்யாஷிவ் கட்சி! முந்தைய கேள்விக்காரர் எதிர்க்கட்சி. எனக்கும் வேண்டுதல் கனமான வாதமாகத்தான் படுகிறது, நேர்ந்துகொண்டதைக் கொடுக்காமல் வந்தால் நம்மில் எத்தனை பேருக்குத் தூக்கம் வரும்? நம் நம்பிக்கையை வெறும் அழகுபடுத்தலாகச் சுருக்கி அனுமதி கொடுப்பதைவிட, அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு தடை போட்டது ஒருவகையில் மரியாதை.

கேள்வி: பழனி மொட்டை?

அதே கேள்வி, அதே பதில்.

கேள்வி: உபாகமம் 13இல் ஊரையே கொளுத்து என்று...

மேலே படியுங்கள். கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் உரையாசிரியர்கள் முடக்கிவிட்டார்கள் என்றால் வசனத்தை நீக்கிவிடலாமே?

இதுதான் நல்ல கேள்வி. முடக்கிய கட்டளை பரணில் இருக்கிறது, யாராவது இறக்கலாம். இஸ்ரவேலரின் பழைய பகை இனமான அமலேக்கை அழி என்று ஒரு கட்டளை. இனமே இல்லை என்று உரைகள் சொன்னாலும், யூதர்களை ஒழிக்கப் பார்த்த, அமலேக் வம்சத்து ஆமானின் கதையை வாசிக்கும் பூரிம் பண்டிகை நாளில், 1994 பிப்ரவரி 25 அன்று, பாரூக் கோல்ட்ஸ்டைன் ஹெப்ரோனில் தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்களைச் சுட்டுக்கொன்றான். அமலேக் என்ற பெயர் அரசியல் மேடையிலும் இன்னும் ஒலிக்கிறது.

ஆனாலும் நீக்குவதற்கு நான் எதிரி. வசனத்தை நீக்கினால் மெசூசா வாதமும் போய்விடும், நீக்கியவர்களைத் துரோகி என்று ஒரு கூட்டம் கிளம்பி, பழைய பிரதியை எந்த உரையும் இல்லாமல் அச்சடிக்கும். உரையோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகளிலிருந்தே. கோல்ட்ஸ்டைன் படிக்காதவன் இல்லை, மருத்துவர் என்பதையும் மறக்கவில்லை, எனவே இது முழுத் தீர்வு என்று சொல்லமாட்டேன்.

கேள்வி: கொச்சி யூதர்கள் கோயிலோடு எப்படிச் சமாளித்தார்கள்?

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய ஜெபாலயமும் அரண்மனை பகவதி கோயிலும் ஒட்டினாற்போல இருக்கின்றன. போய்ப் பாருங்கள்.

மொட்டைக் கேள்விகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன, இனி பதில் கிடையாது. விக் ஏற்றுமதி ஆரம்பிக்க யோசனை கேட்ட தம்பிக்கு: ஆள் மாறி வந்துவிட்டீர்கள்.