கிழவரின் காதல் பாட்டு

கேள்வி: கிறிஸ்தவம் வேரூன்றிவிட்ட காலத்து லத்தீன் கவிஞர்கள் முதுமையில் எழும் ஆசையைப் பாடியிருக்கிறார்களா? பாடியிருந்தால், கிழவரைக் கேலி செய்வதோடு சரியா?

பதில்: கேலி நிறையவே உண்டு. ஆனால் ஆறாம் நூற்றாண்டு மாக்சிமியானுஸைப் படித்தால், கேலி பாதி வழியில் கட்சி மாறுவதைப் பார்க்கலாம். மொத்தமே 686 வரி. இன்றைய பதிப்புகளில் ஆறு பாட்டு. 'முதுமையே, முடித்து வைக்காமல் ஏன் இழுத்தடிக்கிறாய்?' என்று முதல் வரியிலேயே சண்டைக்கு நிற்கிறார். அப்புறம் கண், காது, கூன், தடி என்று நீண்ட புலம்பல். எனக்கு அங்கே கொஞ்சம் அலுப்புத்தான். இரண்டாவதில், பல வருடம் கூட இருந்த லிகோரிஸ் அவரை உதறிவிடுகிறாள். 'அண்ணன், நண்பன் என்று சொல்ல இழிவாக இருந்தால், அப்பா என்றாவது சொல்' என்று கெஞ்சுகிறார் மனிதர்.

சரக்கெல்லாம் ஐந்தாவதில். சமாதானம் பேசக் கிழக்கு ரோமானிய அரசவைக்குத் தூது போன இடத்தில், ஒரு கிரேக்கப் பெண்ணிடம் சிக்குகிறார். இரவில் ஜன்னலடியில் வந்து பாடி, அழுது, மயக்குகிறாள். முதல் இரவு ஒப்பேறுகிறது. அடுத்த இரவு உடம்பு கைவிரித்துவிடுகிறது. அவள் அவருடைய உறுப்பைப் பார்த்தே ஒப்பாரி வைக்கிறாள். கிழவருக்குச் சிரிப்பு, 'உன் நோய் என்னுடையதைவிடப் பெரிது போலிருக்கிறதே' என்கிறார். அவளுக்கு வருகிறதே கோபம்! 'உனக்குத் தெரியவில்லை. என் சொந்த நஷ்டத்துக்காக அழவில்லை, உலகம் முழுவதும் குலைவதற்காக அழுகிறேன்' என்கிறாள். மனிதகுலம், கால்நடை, பறவை எல்லாம் பிறப்பது இந்தச் சக்தியால்தானே என்று ஒரு பிரசங்கமே நடக்கிறது. முழுத் தொகுப்பிலும் கனமான பேச்சு இதுதான் என்பேன். அதைத் துறவிக்கோ தத்துவவாதிக்கோ கொடுக்காமல் அவளுக்குக் கொடுத்தாரே, அதுதான் கெட்டிக்காரத்தனம். தத்துவவாதி வேறு இடத்தில் வருகிறார்: மூன்றாவதில், புகழ்பெற்ற ரோமானியத் தத்துவவாதி சாட்சாத் போயத்தியுஸ், இளவயது மாக்சிமியானுஸுக்குக் காதல் ஆலோசகராக!

இவருக்கு நேரெதிர், நான்காம் நூற்றாண்டுக் கவிஞர், இன்றைய பிரான்ஸில் உள்ள போர்தோவின் ஔசோனியுஸ். 'நமக்கு எத்தனை வயதானாலும் நான் உனக்கு வாலிபன், நீ எனக்குச் சின்னப்பெண்' என்று மனைவிக்கு எழுதினார். அவள் 28 வயதிலேயே போய்விட்டாள். அவர் மறுமணம் செய்யவில்லை.

மாக்சிமியானுஸ் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், இடைக்கால ஐரோப்பாவில் பள்ளிப் பையன்களுக்கு லத்தீன் பாடமாக இந்தக் கவிதைகளும் இருந்தன. ஐந்தாவது பாட்டை வாத்தியார்கள் எப்படி நடத்தினார்களோ!