நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவருக்கு மார்ஃபின் தரலாமா?

கேள்வி: அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் இளம் மருத்துவர் நான். கணுக்கால் எலும்பு முறிந்த நிலையில் அண்மையில் ஒருவர் கொண்டுவரப்பட்டார். போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்று, சிறைக்கு அனுப்பப்படாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர் அவர். அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனை உண்டென்பதால், வலியில் வியர்த்துக்கொண்டே, "ஊசி வேண்டாம் டாக்டர், பாரசிட்டமால் போதும்" என்றார். மூத்த மருத்துவரோ, "இப்படிப்பட்டவர்கள் மருந்துக்காகவே வருவார்கள், நமக்கெதற்கு வம்பு" என்று ஒதுங்கிக்கொண்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: மருந்துக்காகவே வருகிறவர் மருந்து வேண்டாம் என்று சொல்லமாட்டார், உங்கள் மூத்தவர் இதைக் கவனித்திருக்கலாம். கண்காணிப்பு என்பது நீதிமன்றம் விதித்த நிபந்தனையே தவிர, மருந்தைத் தவிர்ப்பதற்கான மருத்துவக் காரணம் அன்று. போதை மருந்துகளைக் கட்டுப்படுத்த 1961இல் உருவான ஐ.நா. உடன்படிக்கையே, வலி தீர்க்க அவற்றின் மருத்துவப் பயன்பாடு இன்றியமையாதது என்று தன் முகப்புரையில் ஏற்றுக்கொள்கிறது. நிபந்தனைகள் பொதுவாகத் தடுப்பது மருத்துவர் எழுதித் தராத பொருள்களைத்தான். எழுதித் தந்ததை நன்னடத்தை அலுவலரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற விதி சில உத்தரவுகளில் இருக்கும் என்பதால், நோயாளியிடம் உத்தரவின் நகல் இருந்தால் படித்துப் பாருங்கள்.

சிகிச்சை எவருக்கும் போலத்தான். முறிந்த காலை அசையாமல் கட்டுவதே வலியைக் கணிசமாகக் குறைக்கும். கை, கால் வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்றில், 400 மில்லிகிராம் இபுபுரூஃபனும் 1000 மில்லிகிராம் பாரசிட்டமாலும் சேர்ந்து, இரண்டு மணி நேர முடிவில், ஓப்பியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) கலந்த மாத்திரைகளுக்கு ஏறத்தாழ இணையான நிவாரணம் தந்தன. சிறுநீரகமோ வயிற்றுப் புண்ணோ இடையூறாக இல்லையென்றால் அங்கிருந்து தொடங்கலாம். நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தும் ஊசி இத்தகையவர்களுக்கு மிகவும் பொருத்தமானது. இவையெல்லாம் போதாதபோது மார்ஃபினைச் சிறு சிறு அளவாகச் சிரை வழியாகக் கொடுத்து, மூச்சைக் கவனித்தபடி கூட்டுவதில் தயக்கம் வேண்டாம். நெடுங்காலம் போதைப்பொருளை விட்டிருந்தவரின் உடலில் பழைய தாங்கும் திறன் இராது என்பதால், "முன்பு நிறைய எடுத்தவர்தானே" என்று அளவைக் கூட்டிவிடக் கூடாது.

ஊசிக்கு முன் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நால்டிரெக்சோன் எடுத்துக்கொள்கிறாரா? மறுவாழ்வுச் சிகிச்சையில் தரப்படும் இம்மருந்து மாத்திரையானால் ஓரிரு நாளுக்கு மேலும், மாத ஊசியானால் ஏறக்குறைய ஒரு மாதமும் மார்ஃபினைச் செயலற்றதாக்கும். அதை மீற அளவைக் கூட்டிக்கொண்டே போனால் மூச்சு அடங்கும் ஆபத்து இருப்பதால், அங்கே நரம்பு ஊசியும், மார்ஃபின் வகையைச் சேராத வலி மருந்தான கீட்டமினுமே துணை. போதைப் பழக்கத்துக்கு மாற்று மருந்தாகத் தரப்படும் மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ எடுப்பவருக்கு அன்றாட அளவை நிறுத்தாதீர்கள். அது வலிக்கான சிகிச்சை ஆகிவிடாது, மேற்கொண்டு மருந்து தேவைப்படும்.

இனிச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வருவோம். அவருடைய அச்சத்தின் வேர் அங்கேதான். முதற்கட்டச் சோதனை மார்ஃபின், கோடீன் வகையைக் காட்டுமே தவிர, அது மருத்துவமனை ஊசியா, ஹெராயினா என்று பிரித்துச் சொல்லாது. ஹெராயின் உடலில் மாறும்போது உண்டாகும் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபினை உறுதிப்படுத்தும் சோதனையில் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது சில மணி நேரத்திலேயே மறைந்துவிடுவதால், காணப்படாதது மட்டுமே ஒருவரைக் காப்பாற்றிவிடாது. சாதாரணச் சோதனையில் ஃபென்டனில் என்ற ஓப்பியாய்டு பெரும்பாலும் அகப்படாது என்று அறிந்து, சோதனைக்குத் தப்பும் மருந்தாகப் பார்த்துத் தேடும் மருத்துவர்களும் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் விரிவான சோதனையில் அது தெரியவந்தால் நோயாளி எதையோ மறைத்ததாகவே தோன்றும். மருந்தை வலிக்காகத் தேர்ந்தெடுங்கள், கொடுத்ததை எழுதி வையுங்கள். உங்கள் மருத்துவமனையே சிறுநீர் எடுப்பதாயிருந்தால், ஊசி போடுவதற்கு முன் எடுத்து, எடுத்த நேரத்தையும் குறியுங்கள்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், காயத்துக்கான சிகிச்சையாக, மார்ஃபின் இத்தனை மில்லிகிராம் சிரை வழியாகச் செலுத்தப்பட்டது, வீட்டுக்கு இன்ன மாத்திரை, இத்தனை எண்ணிக்கை தரப்பட்டது." கையொப்பமும் முத்திரையும் இட்டு அதை நோயாளியிடமே கொடுங்கள். அவர் சம்மதமில்லாமல் நன்னடத்தை அலுவலரை நீங்களாகத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். இன்னார் எங்கள் மருத்துவமனையில் இருக்கிறார் என்று சொல்வதே இரகசியத்தை உடைப்பதுதான். வீட்டுக்குத் தரும் மாத்திரைகள் அடுத்து மருத்துவரைப் பார்க்க வரும் நாள் வரைக்கும் போதுமான அளவில் இருக்கட்டும்.

இவ்வளவையும் விளக்கிய பிறகும் அவர் மறுத்தால், எதற்காக என்று கேளுங்கள். அலுவலருக்கு அஞ்சினால் அந்தக் கடிதம் பெரும்பாலும் தீர்வாகும். மீண்டும் பழக்கத்தில் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சினால், அது அவர் தன்னை அறிந்து எடுத்த முடிவு. அதை மதித்து மற்ற வழிகளை முழுமையாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கண்காணிப்பில் இருக்கும் என் தம்பிக்கு, மருத்துவமனையில் ஊசி போட்ட இரண்டாம் நாள் சிறுநீர்ப் பரிசோதனையில் மருந்து இருப்பதாக வந்துவிட்டது. அவனிடம் சீட்டு எதுவும் இல்லை. என்ன செய்வது?

பதில்: மார்ஃபின் இரண்டு மூன்று நாள் சிறுநீரில் தெரிவது இயல்பே. மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் தம்பியே எழுத்து மூலம் விண்ணப்பித்துச் சிகிச்சைக் குறிப்பின் நகலைப் பெறட்டும். மருந்து கொடுத்த நேரம் அதில் இருக்கும். அதே சிறுநீர் மாதிரியை உறுதிப்படுத்தும் சோதனைக்கு அனுப்பும்படி வழக்கறிஞர் மூலம் உடனே கேளுங்கள், தாமதித்தால் மாதிரி அழிக்கப்பட்டுவிடக்கூடும். வீட்டுக்குத் தந்த மாத்திரைகளை அவற்றின் அட்டையோடு அப்படியே வைத்திருங்கள். வலி பொறுக்காமல் வீட்டில் வேறொருவருக்கு எழுதித் தந்த கோடீன் மாத்திரையை மட்டும் அவர் தொட வேண்டாம்; அதற்கு எந்த மருத்துவரும் கடிதம் தர முடியாது.