எத்தனை பேரைப் பாயவிடலாம்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மூன்றாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் 4 முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் 8 யார்டு பாக்கி என்றாலே கேலரியில் “பிளிட்ஸ்! பிளிட்ஸ்!” என்று, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் மேல் கூடுதல் ஆட்களைப் பாயவிடச் சொல்லிக் கத்துகிறார்கள். கோச்சோ பல நேரம் அனுப்புவதில்லை. எப்போதுதான் அனுப்ப வேண்டும்? (வாசகர், கொலம்பஸ், ஒஹையோ)

பதில்: ஆள் கணக்கைப் போட்டுப் பாருங்கள், கோச்சின் தயக்கம் புரியும். டிஃபென்ஸில் 11 பேர். வழக்கமாக 4 பேர் குவார்ட்டர்பேக் மேல் பாய்வார்கள். 5 பேரை அனுப்பினால் மிச்சம் 6: பாஸ் பிடிக்கக்கூடிய 5 பேருக்கு ஆளுக்கொரு காவல், பின்னால் கடைசிக் காவலாக ஒரு சேஃப்டி. 6 பேரை அனுப்பினால் அந்த சேஃப்டியும் கிடையாது. ஓரத்தில் காவல் நிற்கும் ஒரு கார்னர்பேக் கால் வழுக்கினால் டச்டவுன்தான், எதிரணிக்கு 6 புள்ளி.

7, 8 யார்டு பாக்கி என்றால் ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) ஓடித் திரும்ப நேரம் வேண்டும், அதைப் பறிக்கலாம். 15 யார்டு என்றால் வேண்டாம். ஸ்கிரீன் பாஸுக்கு (பாய்பவர்களை வரவிட்டு அவர்களைத் தாண்டிக் கொடுக்கும் குட்டிப் பாஸ்) நாமே வழி திறந்துவிட்டது போல ஆகும்.

பந்து வைத்த இடத்தையும் பாருங்கள். கல்லூரி மைதானத்தில் ஹாஷ் கோடுகளுக்கு (பந்தை வைக்கும் இடத்தின் இரு பக்க எல்லைகள்) நடுவே 40 அடி. பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. குறுகிய பக்கத்திலிருந்து அனுப்புவதே புத்திசாலித்தனம்: பாய்பவருக்குத் தூரம் குறைவு, அவர் விட்டுப்போன இடமும் சின்னது.

எதிரணி ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) பாய்பவர்களைத் தடுப்பதில் சொதப்புகிறாரா? அவர் நிற்கும் பக்கமே லைன்பேக்கரை (டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) அனுப்பலாம். ஆனால் அந்த லைன்பேக்கர் அவசரப்பட்டு முன்னாலேயே பந்து வைத்த கோட்டருகே வந்து நின்றால் குவார்ட்டர்பேக் பார்த்துவிடுவார், தடுப்பை மாற்றிவிடுவார். பாதி பிளிட்ஸ் கெடுவது இதில்தான்.

நன்றாக ஓடும் குவார்ட்டர்பேக்கிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. ஓரத்தில் பாய்பவர் உள்ளே வளைந்துவிட்டால் குவார்ட்டர்பேக் வெளியே நழுவிவிடுவார். ஆளுக்கு ஆள் காவலில் இருப்பவர்களோ ரிசீவர் பின்னால் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் ஊரிலேயே 2018 நவம்பரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பிளிட்ஸுக்கும் ஆளுக்கு ஆள் காவலுக்கும் பேர்போன மிச்சிகனை, குறுக்கே ஓடும் ரிசீவர்களை வைத்தே ஒஹையோ ஸ்டேட் 62-39 என்று உரித்தது. அதன் குவார்ட்டர்பேக் டுவெயின் ஹாஸ்கின்ஸ் வீசியவை மட்டும் 6 டச்டவுன்.

கேள்வி: டிஃபென்ஸில் 6 பேர் கோட்டில் நிற்கிறார்கள், பந்து கிளம்பியதும் இருவர் பின்வாங்குகிறார்கள். பயமா? (அதே வாசகர்)

பதில்: பயமுறுத்தல்! பாய்வது 4 பேர்தான், எந்த 4 பேர் என்று எதிரணியின் தடுப்பு வரிசைக்குத் தெரியாது. சேஃப்டியும் பத்திரமாகப் பின்னாலேயே இருப்பார்.